பி.எட். செயலாய்வுக்கு என்ன தலைப்பு எடுப்பது? (கணிதம், 9ஆம் வகுப்பு)

தேனருவி:
வணக்கம் எல்லோருக்கும். பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இன்டர்ன்ஷிப் போட்டிருக்கிறார்கள். 16 வாரம், ஒன்பதாம் வகுப்பு. அதற்குள் பாடக்குறிப்பு, அடைவுத் தேர்வு, தனியாள் ஆய்வு என்று ஒரு மூட்டை ரெக்கார்டு முடிக்க வேண்டும். அதில் ஒன்று செயலாய்வு, அதாவது தன் வகுப்பில் உள்ள ஒரு பிரச்சினையை ஆசிரியரே ஆராய்ந்து சரிசெய்யப் பார்ப்பது.

மாதிரிக்கு என்று கல்லூரியில் பழைய ரெக்கார்டுகளை எடுத்துக் கொடுத்தார்கள். புரட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே வார்ப்பு. "காணொளி வழிக் கற்பித்தலின் விளைவு", "மனவரைபடத்தின் விளைவு", "விளையாட்டு முறையின் விளைவு". முன்தேர்வு, சில நாள் பாடம், பின்தேர்வு, டி மதிப்பு (இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் எண்). கடைசிப் பக்கத்தில் "குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படுகிறது". "வேறுபாடு இல்லை" என்று முடிந்த ரெக்கார்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லா முறையும் எல்லாப் பிள்ளைக்கும் பலன் தருகிறது என்றால் கணக்கைக் கண்டு ஏன் இத்தனை பேர் மிரளுகிறார்கள்?

வழிகாட்டி மேடம் இந்த வாரத்துக்குள் தலைப்பு கேட்கிறார். பேசாமல் காணொளித் தலைப்பையே எழுதிக் கொடுத்துவிடவா? உருப்படியாக வேறு ஏதாவது செய்ய முடியுமா?

ரெக்கார்டு_ராஜா:
தங்கச்சி, நேராகவே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) வந்து இதை இரண்டு நிமிடம் புரட்டுவார். அட்டை பளிச்சென்று இருக்கிறதா, அட்டவணை இருக்கிறதா, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறதா, அவ்வளவுதான். வேலை கிடைக்கப்போவது டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தாள் 2, அப்புறம் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு, இவற்றால்தான். டெட்டில் 150க்கு 90 எடுக்கிற வழியைப் பாருங்கள். எங்கள் கல்லூரி எதிரே ஜெராக்ஸ் கடையில் போன வருட ரெக்கார்டு பென் டிரைவிலேயே கிடைத்தது. பள்ளிப் பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது.

கரும்பலகைக்காரர்:
ராஜா சொன்னதில் எக்ஸ்டர்னல் பற்றிய பகுதியை மறுக்க மாட்டேன். ஆனால் இந்தப் பொண்ணு அதைக் கேட்கவில்லையே.

நான் அரசுப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். வருடா வருடம் என் வகுப்புக்குப் பயிற்சி ஆசிரியர்கள் வருகிறார்கள். அந்த "விளைவு" ரெக்கார்டுகள் ஏன் எப்போதும் வெற்றி பெறுகின்றன என்று சொல்கிறேன். ஒரே வினாத்தாளை இரண்டு முறை கொடுக்கிறார்கள். நடுவில் அந்தப் பாடத்தை மட்டும் நடத்துகிறார்கள். மதிப்பெண் ஏறாமல் எங்கே போகும்? காணொளி போட்டதால் ஏறியதா, பாடம் நடந்ததால் ஏறியதா என்று பிரித்துச் சொல்ல அந்த அமைப்பில் வழியே கிடையாது.

இன்னொன்று இதைவிட நுணுக்கமானது. முன்தேர்வில் கடைசியாக வந்த பத்துப் பேரைப் பொறுக்கி "மெல்லக் கற்போர்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். அன்றைக்குக் காய்ச்சலோடு எழுதியவன், கேள்வியைத் தப்பாகப் படித்தவள், பேனா மக்கர் பண்ணியவன் எல்லோரும் அந்தப் பத்துக்குள் இருப்பார்கள். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அடுத்த தேர்வில் அவர்கள் பழைய இடத்துக்கு வந்துவிடுவார்கள். புள்ளியியலில் இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பார்கள். பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்து கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1886லேயே எழுதிவைத்த விஷயம். நம் ரெக்கார்டுகளில் பாதிக் கண்டுபிடிப்பு இதுதான் என்பது என் சந்தேகம்.

தேனருவி, தலைப்பை விடுங்கள். காலாண்டுத் தாள்கள் பள்ளியில்தான் இருக்கும். வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கி உட்காருங்கள். எத்தனை மதிப்பெண் என்று பார்க்க வேண்டாம். தப்பு விடைகளை மட்டும் ஒரு நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரே தப்பு எங்கே திரும்பத் திரும்ப வருகிறதோ அங்கேதான் உங்கள் ஆய்வு இருக்கிறது.

தேனருவி:
நன்றி சார். ஆனால் தப்பு விடைகளை எழுதிவைத்தால் அது ஆய்வு ஆகிவிடுமா? "தலையிடல்" எங்கே, "கருதுகோள்" எங்கே என்று மேடம் கேட்பாரே.

பேராசிரியை_மதுரை:
நான் கல்வியியல் கல்லூரியில் பாடம் எடுப்பவள் என்பதால் அந்த மேடம் பக்கமிருந்தும் பேச வேண்டும். ஒரு வழிகாட்டியிடம் ஏகப்பட்ட மாணவர்கள். எல்லோருக்கும் ஒரே படிவம் இருந்தால்தான் திருத்தி முடிக்க முடிகிறது. அதனால் படிவத்தோடு சண்டை போடாதீர்கள், அதற்குள்ளேயே இடம் இருக்கிறது.

ரெக்கார்டின் முதல் பக்கத்தில் எல்லோரும் உளவியலாளர் கர்ட் லெவின், கல்வியாளர் ஸ்டீபன் கோரி என்று எழுதுகிறோம். லெவின் 1946இல் எழுதியது சுழற்சியைப் பற்றி: திட்டமிடு, செய், என்ன நடந்தது என்று பார், அதை வைத்து மறுபடி திட்டமிடு. 1953இல் கோரி அதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தபோது, ஆசிரியர் தன் வகுப்புப் பிரச்சினையைத் தானே ஆராய வேண்டும் என்பதுதான் அவர் பேச்சு. முதல் பக்கத்தில் இதை எழுதிவிட்டு, நாலாம் பக்கத்தில் ஒரே ஒரு சுற்றோடு, சோதனைக்கூடத்து எலிக்குச் செய்வதுபோல முன்தேர்வு பின்தேர்வு வைக்கிறோம். இந்த முரண்பாட்டை எம்.எட். மாணவர்கள்கூடக் கேட்பதில்லை.

கண்டறி சோதனை, குறைதீர் கற்பித்தல் என்று முதலாம் ஆண்டிலேயே படித்திருப்பீர்கள். கரும்பலகைக்காரர் சொல்வது அதுதான். பிழைகளை வகைப்படுத்துவது கண்டறிதல். ஒரு வகைப் பிழையை எடுத்துக்கொண்டு சரிசெய்யப் பார்ப்பது தலையிடல். "இந்தப் பிழைக்குக் காரணம் இது" என்று நீங்கள் நினைப்பது கருதுகோள். படிவத்தின் எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும்.

ரெக்கார்டு_ராஜா:
மேடம், 16 வாரம் என்பது காகிதத்தில்தான். அதில் தேர்வு, விளையாட்டு விழா, தீபாவளி விடுமுறை, பயிற்சிக்குப் போன ஆசிரியருக்குப் பதிலாக ஆறாம் வகுப்பைப் பார்த்துக்கொள்வது எல்லாம் போக என்ன மிஞ்சும்? இரண்டு சுற்று, மூன்று சுற்று எல்லாம் பேச நன்றாக இருக்கும்.

பேராசிரியை_மதுரை:
மிஞ்சுவது குறைவுதான் ராஜா. அதனால்தான் கேள்வி சின்னதாக இருக்க வேண்டும் என்கிறேன். "இயற்கணிதக் கற்றல்" என்று எடுத்தால் வருடம் முழுக்க வேண்டும். ஒரு வகைப் பிழை என்றால் சில பாடவேளை போதும்.

மட்டு_கடலோரம்:
மட்டக்களப்பில இருந்து எழுதுகிறேன். நாங்கள் தேசிய கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலைக்குப் போவோம். செயல்நிலை ஆய்வு அந்த மூன்றாம் வருடத்தில்தான். வருடம் முழுக்க ஒரே பாடசாலை என்பதால் பிள்ளைகளைத் தெரிந்துகொள்ள அவகாசம் இருந்தது. உங்களுக்கு அது குறைவுதான்.

நான் தரம் 8க்குச் செய்தது வசனக் கணக்கு. பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியாது என்றுதான் நானும் மற்ற ஆசிரியர்களும் நினைத்திருந்தோம். விரிவுரையாளர் ஒருவர் நியூமன் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளரின் முறையைச் சொன்னார், 1977இல் வந்தது. பிள்ளையைத் தனியாக இருத்தி ஐந்து விடயம் கேட்க வேண்டும். வாசித்துக் காட்டு. என்ன கேட்கிறார்கள் என்று சொல்லு. எப்படிச் செய்யப்போகிறாய். செய்து காட்டு. இனி விடையை எழுது. எந்த இடத்தில் பிள்ளை நிற்கிறதோ அதுதான் பிழையின் இடம்.

ஒரு மகள் கழித்தல் கணக்கு எல்லாம் சரியாகச் செய்வாள். "ராணியிடம் 45 ரூபாய் உண்டு, அது கமலாவிடம் இருப்பதை விட 12 ரூபாய் கூட" என்றதும் 45ஐயும் 12ஐயும் கூட்டிப்போடுவாள். "கூட" என்று இருக்கே சேர் என்றாள். அவளுக்குக் கழித்தல் படிப்பித்துப் பிரயோசனம் இல்லை. படம் கீறி, யாரிடம் அதிகம் என்று முதலில் சொல்லவைத்த பிறகுதான் சரிவந்தது. பின்சோதனை மட்டும் வைத்திருந்தால் எனக்கு இது தெரியவே வந்திருக்காது.

கரும்பலகைக்காரர்:
அருமை. எங்கள் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் அப்படியேதான் விழுவார்கள். எதைப் பார்த்தாலும் "அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி" என்று யாரோ ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த யாரோ பெரும்பாலும் நாங்கள்தான்.

தென்காசி_மல்லி:
நான் தமிழ் பயிற்சி ஆசிரியை, எனக்கும் இதே தலைவலி. எழுத்துப்பிழை பற்றிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்புக்குச் சொல்வதை எழுதுதல் வைத்துப் பார்த்தேன். எங்கள் பக்கம் ழகரத்தை ளகரமாகத்தானே பேசுகிறோம். "வாளைப்பளம்" என்று எழுதுகிறார்கள், சரி. ஆனால் அதே பிள்ளைகள் "தமிழ்" என்பதை ஒருமுறைகூடத் தப்பாக எழுதவில்லை. "ஒழுக்கம்" மட்டும் "ஒளுக்கம்" ஆகிறது. இதை எப்படி ஆய்வாக்குவது?

பேராசிரியை_மதுரை:
மல்லி, பாதி ஆய்வு உங்கள் கையில் வந்துவிட்டது. காதால் கேட்டு எழுதும் சொற்களில் பிழை வருகிறது, கண்ணால் அடிக்கடி பார்க்கும் சொற்களில் வருவதில்லை. இதுதான் உங்கள் கருதுகோள். அப்படியானால் நாக்கை மடித்து ழகரப் பயிற்சி கொடுப்பதைவிட, சொல்லைப் பார்க்க வைப்பது உதவுமா? ழகரச் சொற்களை இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். ஒன்றுக்கு உச்சரிப்புப் பயிற்சி. இன்னொன்றைத் தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டி, பாடத்திலும் அடிக்கடி கண்ணில் படும்படி செய்யுங்கள். ஒரே வகுப்பு, ஒரே பிள்ளைகள், சொற்கள் மட்டும் வேறு. இரண்டாம் வகுப்பறை தேடி அலைய வேண்டாம். இரண்டு பட்டியலும் ஒரே அளவு கடினமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. மூன்று வாரம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் மறுபடி ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். மறுநாள் சரியாக எழுதுவது பெரிய விஷயம் இல்லை.

சாக்பீஸ்_சுப்பு:
எல்லோரும் பிள்ளைகளையே ஆராய்கிறீர்கள். பயிற்சி ஆசிரியர் தன்னை ஆராயக் கூடாதா?

நான் இயற்பியல். எங்கள் பள்ளிக்கு நாங்கள் ஆறு பேர் ஒரே குழுவாகப் போனோம். நான் பாடம் எடுக்கும்போது நண்பன் பின்பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பின் இருக்கைப் படம் போட்டுக்கொள்வான். நான் யாரைக் கேள்வி கேட்கிறேனோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. வாரக் கடைசியில் பார்த்தால் முன்னால் இரண்டு வரிசையிலும் நடுப்பாதை ஓரத்திலும் கோடு கோடாக இருக்கிறது. ஜன்னல் பக்கம் மூலையில் உட்கார்ந்த பையன்கள் கட்டம் காலி. வகுப்பே நன்றாகப் பதில் சொல்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தது அந்தப் பத்துப் பேரை வைத்துத்தான்.

அப்புறம் காத்திருப்பு நேரம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை. அதை மூன்று நொடிக்கு மேல் ஆக்கினால் பதில்கள் நீளமாகின்றன, "தெரியாது" என்பதும் மௌனமும் குறைகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். போனை மேசையில் வைத்துப் பதிவு செய்து நீங்களே கேட்டுப் பாருங்கள், வெட்கமாக இருக்கும். கேள்வியையும் கேட்டுப் பதிலையும் நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். செலவு ஒரு பைசா இல்லை, எந்தப் பாடத்துக்கும் பொருந்தும்.

ரெக்கார்டு_ராஜா:
மூன்று நொடி சும்மா நின்றால் எங்கள் பத்தாம் வகுப்பு பி பிரிவில் பின்பெஞ்சு கச்சேரி ஆரம்பித்துவிடும் சுப்பு.

சாக்பீஸ்_சுப்பு:
ஆரம்பிக்கும். எத்தனை நாள் ஆரம்பித்தது, எப்போது அடங்கியது என்று எழுதினால் அதுவும் ரெக்கார்டுதான்.

நிழல்மரம் (மட்டுறுத்துநர்):
ஒலிப்பதிவு, தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது என்றெல்லாம் பேச்சு வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. தலைமையாசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ரெக்கார்டில் பிள்ளைகள் பெயர் வேண்டாம், மா1, மா2 என்று போடுங்கள். விடைத்தாளை ஒட்டும்போது பெயர் உள்ள மூலையை மறைத்துவிட்டுப் படி எடுங்கள். போட்டோ போட்டால் அழகாக இருக்கும் என்று "மெல்லக் கற்போர்" குழுவைப் படம் எடுத்து ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அதைப் பார்த்தால் என்ன நினைக்கும்?

முக்கியமாக, பழைய படிவங்களில் "சாதி", "தந்தை வருமானம்" என்று கட்டங்கள் இருக்கும். ஆய்வுக்கு அது தேவையா என்று யாரும் யோசிப்பதில்லை, படிவத்தில் இருப்பதால் கேட்கிறார்கள். வகுப்பு நடுவில் நிறுத்தி வைத்துக் கேட்பவர்களும் உண்டு. கழித்தல் கணக்குப் பிழைக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்? கட்டத்தை அடித்துவிடுங்கள். வழிகாட்டி கேட்டால் ஆய்வு வினாவுக்குத் தொடர்பில்லை என்று எழுதுங்கள்.

தேனருவி:
மேடம் ஒப்புக்கொண்டுவிட்டார்! ஒரே நிபந்தனை, "புள்ளியியல் இருக்க வேண்டும்".

காலாண்டுத் தாள்களைப் பார்த்தேன். இயற்கணிதத்தில் பிள்ளைகள் விழுவது இயற்கணிதத்தால் இல்லை சார். ஆறு, ஏழாம் வகுப்பில் முடித்துவிட்ட முழுக்கள்தான் காலை வாருகின்றன. படிகள் எல்லாம் சரியாக வந்து, நடுவில் −3 − 5 என்று ஒன்று வரும், அங்கே போச்சு.

அதே −3 − 5க்கு வேறு வேறு தப்பு. நிறையப் பேர் 8 என்று எழுதியிருக்கிறார்கள். சிலர் −2. ஒரு சிலர் 2. மதிப்பெண் மட்டும் பார்த்தால் எல்லாமே பூஜ்ஜியம்தான். கூப்பிட்டு "எப்படிப் போட்டாய், சொல்லு" என்றேன். 8 போட்டவன் கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் மாதிரி "மைனஸும் மைனஸும் ப்ளஸ் மிஸ்" என்கிறான். −2 போட்டவள், "அஞ்சுல மூணு போனா ரெண்டு, பெரிய நம்பரோட குறி மைனஸ்" என்கிறாள். பெருக்கலுக்கு உள்ள விதியை அவன் இங்கே கொண்டுவருகிறான், வேறு குறிகளைக் கூட்டும் விதியை அவள் கொண்டுவருகிறாள். இரண்டு பேரும் விதியை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை.

தலைப்பு: "ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் முழுக்களின் கூட்டல் கழித்தலில் செய்யும் பிழைகளைக் கண்டறிதலும் களைதலும்". தரையில் சாக்பீஸால் எண்கோடு போட்டு நடக்கவைக்கலாம் என்று இருக்கிறேன். கண்டறி சோதனைக்கு இவற்றை எழுதிவைத்திருக்கிறேன்: −3 − 5, 4 − 9, −7 + 2, −2 − (−4), (−4) × (−3). சரியா?

பேராசிரியை_மதுரை:
புள்ளியியலுக்கு வழி சொல்கிறேன். முதல் அட்டவணை, எந்தப் பிழை வகை எத்தனை பேரிடம். தலையிடலுக்குப் பின் அதே அட்டவணை மறுபடி. இதுதான் உயிர். எட்டுப் பேர் உள்ள குழுவுக்குச் சதவீதம் போடாதீர்கள், "எட்டில் இருவர்" என்றே எழுதுங்கள்.

டி-சோதனை கட்டாயம் என்றால் இணைச் சோதனையைப் போடுங்கள். ஒரே பிள்ளைகள் இரண்டு முறை எழுதுகிறார்கள் அல்லவா, ஆனாலும் ரெக்கார்டுகளில் இரண்டு தனிக் குழுக்களுக்கான சூத்திரத்தைப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்தேர்விலிருந்து முன்தேர்வைக் கழித்து, அந்த வித்தியாசங்களின் சராசரியைத் திட்டப்பிழையால் வகுக்க வேண்டும். உதாரணமாக 32 பேர், வித்தியாசங்களின் சராசரி 2.1, திட்டவிலக்கம் 3 என்றால், 3ஐ 32இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை 0.53. 2.1ஐ அதனால் வகுத்தால் 3.96. 31 வரையறையின்மைப் படிகளுக்கு (ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 0.05 மட்டத்தில் அட்டவணை மதிப்பு 2.04, எனவே வேறுபாடு குறிப்பிடத்தக்கது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "எண்கோட்டு முறையே சிறந்தது" என்று முடிவில் எழுதினால் வைவாவில் நானே கேள்வி கேட்பேன். எதைவிடச் சிறந்தது? நீங்கள் வேறெதையும் செய்து பார்க்கவில்லையே.

கரும்பலகைக்காரர்:
தேனருவி, அந்த (−4) × (−3) இருப்பது நல்லது. அதைச் சரியாகப் போட்டுவிட்டு −3 − 5க்கு 8 எழுதுபவன் பெருக்கல் விதியைத்தான் இழுத்து வருகிறான் என்பது ஊர்ஜிதம். இரண்டிலும் தடுமாறுபவன் கதை வேறு.

−2 − (−4) மட்டும் வேண்டாம். குறியையே கண்டுகொள்ளாமல் "நாலில் ரெண்டு போனால் ரெண்டு" என்பவனுக்கும் 2தான் வரும், சரியாகச் செய்தவளுக்கும் 2தான் வரும். யார் எவர் என்று தாளைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. திருப்பிப் போட்டு −4 − (−2) ஆக்குங்கள். சரியான விடை −2, குறியைப் பார்க்காதவன் 2 எழுதுவான், மந்திரம் சொல்பவன் குறிகளையெல்லாம் விழுங்கிவிட்டு 6 எழுதக்கூடும். ஒவ்வொரு கேள்விக்கும் இப்படி மூன்று நாலு தப்பு வழிகளில் நீங்களே போட்டுப் பாருங்கள், இரண்டு வழிக்கு ஒரே விடை வந்தால் எண்ணை மாற்றுங்கள். பின்தேர்வுக்கும் இதே அமைப்பு, வேறு எண்கள். தாளில் செய்முறைக்கு இடம் விட்டு "எப்படிப் போட்டாய் என்று எழுது" என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்க நேரம் இருக்காது.

தேனருவி:
மாற்றிவிட்டேன் சார். 4 − 9ஐயும் இந்த மாதிரி போட்டுப் பார்த்தேன். "பெரியதில் சிறியது" என்பவனுக்கு 5 வருகிறது, வேறு எந்த வழிக்கும் 5 வரவில்லை, அதனால் அது இருக்கட்டும். −7 + 2இல் தப்பாகக் கூட்டுபவனுக்கு −9, குறியை விட்டுவிட்டுக் கூட்டுபவனுக்கு 9, கழித்துவிட்டுக் குறியை விடுபவனுக்கு 5. எல்லாம் தனித்தனியாக இருக்கிறது. திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளையில் சோதனை, வகுப்பாசிரியரிடம் கேட்டுவிட்டேன்.